பால் ஊற்றிய படகு

வெள்ளவத்தை
10 பெப்ரவரி 2025

திரு. புஷ்பராஜ் அவர்களுக்கு,

நான் உங்களைத் தொலைபேசியில் அழைக்கப்போவதில்லை. அழைத்தால் நீங்கள் சிரிப்பீர்கள், நான் கத்துவேன். என் மகள் தாரிகாவும் உங்கள் மகன் பிரதீசும் ஆவணியில் கலியாணம் செய்ய இருக்கிறபடியால் அது நல்லதல்ல. எழுத்தில் என்றால் நான் நிதானமாக இருப்பேன். இறைவரித் திணைக்களத்தில் முப்பது வருடம் எழுத்தால்தான் மனிதர்களை வழிக்குக் கொண்டுவந்தேன்.

கடந்த ஞாயிறு பொல்கொட ஏரியில் நடந்ததைப் பற்றி நீங்கள் கொட்டாஞ்சேனை முழுக்க என்ன சொல்லித் திரிகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. நடந்தது இதுதான்.

ஓய்வுபெற்ற மனிதர்களுக்குச் சீட்டுக்கட்டும் சீனி வருத்தமும்தான் மிச்சம் என்ற நிலை எனக்கு வேண்டாம் என்று ஒரு சிறிய இஞ்சின் படகு வாங்கினேன். ஏரிக்கரைக் கழகத்தில் உறுப்பினரானேன். மூன்று மாதம் யூடியூப்பில் படகோட்டம் படித்தேன். வருங்காலச் சம்பந்தி என்ற மரியாதைக்காக முதல் ஓட்டத்துக்கு உங்களை அழைத்தேன். நீங்களோ ஒரு வான் வண்டி நிறையப் பூசைச் சாமான்களோடு வந்து இறங்கினீர்கள். ஒரு பானை பால், மஞ்சள் தண்ணீர், தேங்காய், மாலை, தேசிக்காய். "இது படகு, வாகனம் இல்லை" என்று சொன்னேன். "தண்ணியில ஓடுற வாகனந்தானே சம்பந்தி" என்றீர்கள். தேசிக்காயை எந்தச் சில்லுக்குக் கீழ் வைப்பது என்று படகைச் சுற்றிச் சுற்றித் தேடினீர்கள். பிறகு பால் முழுவதையும் படகுக்குள் ஊற்றினீர்கள்.

படகின் பின்பக்க அடியில், உள்ளே சேரும் தண்ணீர் வடிய ஒரு துவாரம் உண்டு. அதற்கு ஒரு ரப்பர் மூடி. உங்கள் பாலை வெளியேற்ற நான் அந்த மூடியைக் கழற்ற வேண்டி வந்தது. பால் வடிந்து முடியுமுன் "நேரம் போவுது, நேரம் போவுது" என்று நீங்கள் போட்ட கூச்சலில் மூடி திரும்பப் போடப்படவில்லை. படகில் ஏறும் பலகைப் பாலத்தில் இருந்து கல்லெறி தூரத்தில் படகு தண்ணீருக்குள் உட்கார்ந்தது. கழகத்து ஆட்கள் காலைச் சாப்பாட்டுத் தட்டோடு எழும்பி நின்று பார்த்தார்கள்.

இப்போது செயலாளர் ஹெக்டர் விளக்கம் கேட்டிருக்கிறார். பாலத்தில் தேங்காய்ச் சிதறல், தண்ணீரில் பால், இன்னொருவர் படகின் விசிறியில் உங்கள் மாலை. பூசை உங்கள் யோசனை, விபத்துக்குக் காரணமும் அதுவே என்று நீங்கள் அவருக்கு இரண்டு வரி எழுத வேண்டும். அதுவரை என் படகு கரையில் கிடக்கும். இந்த வாரத்துக்குள் எழுதுவீர்கள் என நம்புகிறேன்.

இப்படிக்கு,
க. சண்முகலிங்கம்


கொட்டாஞ்சேனை
16 பெப்ரவரி 2025

அன்புள்ள சம்பந்தி,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். இருபது வருடமாகப் பெயின்ட் விற்கிறேன், இவ்வளவு சுத்தமாக வெள்ளையடித்ததைப் பார்த்ததில்லை.

பால் ஊற்றியது நான்தான். புதிதாக ஒன்று வாங்கினால் பூசை போட்டுத்தான் எடுப்போம். அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் நல்ல நேரம் யாருடையது? பஞ்சாங்கத்தில் இருந்து கிழித்த தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்தது நீங்கள். "ஒன்பது நாப்பதுக்குள்ள இறக்க வேணும், பிறகு சரியில்லை" என்று எனக்குச் சொன்னதும் நீங்கள். நான் கூச்சல் போட்டது உங்கள் நேரத்துக்காக. கழற்றிய மூடியைப் பத்திரமாக உங்கள் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கப்பல் கப்டன் மாதிரி ஏறி உட்கார்ந்ததும் நீங்கள்தான். யூடியூப்பில் அந்தப் பாகம் வருமுன் விளம்பரம் வந்துவிட்டது போல.

லைஃப் ஜாக்கெட் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. மூன்று ஜாக்கெட் வாங்கி வைத்திருந்தீர்கள். எடுத்துப் போடப் போனேன். "பொலித்தீனைப் பிரிக்காதேங்கோ, புதுசு ஊத்தையாப் போயிடும்" என்றீர்கள். படகோடு சேர்ந்து மூன்றும் பொலித்தீனுக்குள் பத்திரமாக நனையாமல் இருந்தன. நனைந்தது நான்.

சரி. ஹெக்டருக்கு எழுதுவது பெரிய விஷயம் இல்லை, எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று இருக்கிறது. எனக்கு நீச்சல் தெரியாது. படகு மூழ்கியதும் உங்கள் தோளைப் பிடித்தேன். நீங்கள் முழங்கையால் என்னை இடித்துத் தள்ளிவிட்டு ஒரு வார்த்தை சொன்னீர்கள். கரையில் எல்லாரும் கத்திக்கொண்டு நின்றதால் அது யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. தேயிலைத் தோட்டங்களில் இருந்து வந்த எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரு தடவையாவது கேட்ட வார்த்தை அது. நான் அதை வீட்டில் சொல்லவில்லை, பிரதீசிடமும் சொல்லவில்லை.

நீங்கள் சொல்லுங்கள். உங்கள் மனைவி நேசமலரையும் தாரிகாவையும் முன்னால் உட்கார வைத்து, நீங்கள் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். அன்றைக்கே ஹெக்டருக்கு எழுதுகிறேன், அடுத்த நாள் கலியாணக் காட் அடிக்கக் கொடுக்கிறேன். அதுவரை இரண்டும் இல்லை.

உங்கள் சம்பந்தி,
புஷ்பராஜ்


வெள்ளவத்தை
24 பெப்ரவரி 2025

திரு. புஷ்பராஜ் அவர்களுக்கு,

உங்கள் 16ஆம் திகதிக் கடிதம் கிடைத்தது. அதில் உள்ள நகைச்சுவைக்குப் பதில் எழுத எனக்கு நேரம் இல்லை.

நீங்கள் குறிப்பிடும் வார்த்தை எனக்கு நினைவில் இல்லை. தண்ணீருக்குள் விழுந்தவன் வாயில் வருவதைச் சாட்சியமாக எடுப்பது எந்த நீதிமன்றத்திலும் இல்லை. புதுக்கடை நீதிமன்றத்தில் எந்தச் சட்டத்தரணியையும் கேட்டுப் பாருங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் தண்ணீர் நெஞ்சளவுதான். காலை ஊன்றினால் நின்றிருக்கலாம். நீங்கள் நடுக்கடலில் அகப்பட்டவர் போல அலறி என் கழுத்தை நெரித்தீர்கள். எனக்கும் உயிர் வெல்லமாகத்தானே இருக்கும்.

எங்கள் பரம்பரை காரைநகர். கடல் எங்களுக்குப் புதிதில்லை. பழக்கம் இல்லாத ஒருவரைப் படகில் ஏற்றியதுதான் என் பிழை. அதை நான் திரும்பச் செய்யப்போவதில்லை.

கழகம் இப்போது புதுச் சட்டம் ஒன்று கண்டுபிடித்திருக்கிறது. ஆரம்பப் பயிற்சி முடிக்காமல் நான் படகை இறக்கக் கூடாதாம். ஷிஹாரா என்று ஒரு பெட்டை பயிற்சி கொடுக்கிறாள். தாரிகாவை விடச் சின்னவள். வகுப்பில் இருப்பது எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களோடு போய் வரிசையில் நின்று நான் முடிச்சுப் போடப் பழக வேண்டுமாம். "அங்கிள், நீங்க ஓனர்தான், இன்னும் கப்டன் இல்ல" என்று அவள் எனக்கு, ஹெக்டருக்கு முன்னாலேயே சொன்னாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

கலியாணத்தையும் இந்த அற்ப விஷயத்தையும் முடிச்சுப் போடாதீர்கள். அது வியாபாரிகளின் பழக்கம்.

இப்படிக்கு,
க. சண்முகலிங்கம்


கொட்டாஞ்சேனை
20 மார்ச் 2025

அன்புள்ள சம்பந்தி,

பதில் பிந்தியதற்கு மன்னிக்கவும். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வகுப்பு.

ஓம், உங்கள் கழகத்தில்தான். உங்கள் கடிதத்தைப் படித்த அடுத்த நாளே போய் ஆரம்பப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன். உங்களைப் போன்ற படித்த மனிதர் கூச்சப்படுகிற வகுப்பு எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க ஆசை. கடல் பார்த்த பரம்பரை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வீட்டு ஒழுங்கை முடிகிற இடத்தில் கடல் இருக்கிறது. நாற்பது வருடமாக அங்கே இருக்கிறீர்கள். நீங்கள் கால் நனைத்ததை ஒருநாளும் பார்க்கவில்லை என்று தாரிகா சொன்னாள்.

முதல் நாள் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. கரையில் நிற்கிற படகைச் சுற்றி வந்து, எது எது சரியாக இருக்கிறது என்று தொட்டுத் தொட்டுச் சொல்ல வேண்டும். முதல் கேள்வியே மூடி போட்டாயா என்பதுதான். பக்கத்தில் நின்ற சின்னப் பிள்ளைகள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நம்முடைய கதை அங்கே பாடமாகிவிட்டது சம்பந்தி. பெயர் மட்டும் சொல்வதில்லை.

இரண்டாம் கிழமை பாய்மரப் படகு. ஒருவர் மட்டும் உட்காரலாம், குளிக்கிற தொட்டியை விடக் கொஞ்சம் பெரியது. காற்று எங்கேயிருந்து வருகிறது என்று முகத்தால் பார்க்க வேண்டும். சுக்கானை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகிறது. எனக்கு அது பிடிபடுவதற்குள் மூன்று தடவை நாணலுக்குள் போய்ச் செருகினேன்.

மூன்றாம் கிழமை ஷிஹாராவே படகைக் கவிழ்க்கச் சொன்னாள். வேண்டுமென்றே விழ வேண்டும். நான் அலறினேன், மறைக்க ஒன்றும் இல்லை. ஜாக்கெட் போட்டிருந்தும் கை காலை அடித்தேன். "அங்கிள், கால ஊண்டுங்க, நிக்க ஏலும்" என்று ஷிஹாரா கரையில் இருந்து கத்தினாள். ஊன்றினேன், நின்றேன். நீங்கள் சொன்னது சரிதான், நெஞ்சளவுத் தண்ணீர். அதைச் சொல்ல அவளுக்கு ஒரு கெட்ட வார்த்தையும் தேவைப்படவில்லை.

அவள் சொல்லிக் கொடுத்த ஒன்றை உங்களுக்கும் எழுதுகிறேன், யூடியூப்பில் இல்லாவிட்டால் உதவும். படகு கவிழ்ந்தால் படகை ஓட்டியவர் முதலில் தலை எண்ண வேண்டும். கூட வந்தவர் எங்கே என்று பார்த்து அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் பிறகு. எட்டு வயதுப் பிள்ளைகள் இதை மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

என் கடிதத்தை உங்கள் மேசையில் பார்த்துவிட்டுத் தாரிகா போன் எடுத்தாள். "மாமா, அப்பா உங்களுக்கு என்னதான் சொன்னவர்?" என்று கேட்டாள். அவள் குரல் சரியில்லை. பிரதீசும் "என்னாப்பா பிரச்சின, காட் ஏன் அடிக்கல?" என்று தினமும் கேட்கிறான். இரண்டு பேருக்கும் நான் வாய் திறக்கவில்லை. என் வாயால் அது அவர்கள் காதுக்குப் போகாது. சொன்னவர் சொல்ல வேண்டும்.

உங்கள் சம்பந்தி,
புஷ்பராஜ்


வெள்ளவத்தை
2 ஏப்ரல் 2025

திரு. புஷ்பராஜ் அவர்களுக்கு,

நீங்கள் செய்வது சரியா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். என் படகு தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. நீங்கள் அதே கரையில், ஒரு தொட்டிக்குள் முழங்காலை மடித்துக்கொண்டு, குழந்தைகளோடு சேர்ந்து ஏரியைச் சுற்றுகிறீர்கள். ஹெக்டர் எனக்கு உங்கள் படம் அனுப்பியிருக்கிறார். "உங்கள் நண்பர் நன்றாகத் தேறுகிறார்" என்று கீழே ஒரு குறிப்பு. நண்பராம். என்னை அவமானப்படுத்துவதற்கென்று இவ்வளவு தூரம் பயணம் செய்து, வெயிலில் வெந்து, ஒரு மனிதன் நீச்சல் உடுப்புப் போடுவான் என்று நான் நினைக்கவில்லை.

என் வீட்டு நிலைமையும் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும் என்பதால் எழுதுகிறேன். நேசமலர் தேவைக்கு மட்டும் கதைக்கிறாள். தாரிகா எனக்கு முன்னால் சாப்பிட உட்காருவதில்லை. மூன்று தடவை கேட்டுவிட்டாள். "தண்ணிக்குள்ள நிண்டு என்னத்தைக் கதைக்கிறது, விடு" என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் நம்பவில்லை.

இந்த விஷயத்தை இத்தோடு முடிப்போம். விபத்தின்போது என்னிடமிருந்து தகாத வார்த்தை ஏதேனும் வெளிப்பட்டிருப்பின் அதற்காக வருந்துகிறேன். இதை எழுத்தில் தருகிறேன். என் வாழ்க்கையில் யாருக்கும் இப்படி எழுதிக் கொடுத்ததில்லை. இதை ஏற்றுக்கொண்டு காட் அடிக்கக் கொடுங்கள்.

இப்படிக்கு,
க. சண்முகலிங்கம்


கொட்டாஞ்சேனை
6 ஏப்ரல் 2025

அன்புள்ள சம்பந்தி,

உங்கள் வருத்தத்தைத் திருப்பி அனுப்புகிறேன். எனக்கு அளவு சரியில்லை. வரி கட்டாதவனுக்கு அனுப்புகிற அச்சுப் படிவத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியது போல இருக்கிறது. நினைவில்லை என்று பெப்ரவரியில் எழுதினீர்கள். நினைவில்லாத மனிதருக்கு மகள் கேட்கும்போது சமாளிக்க என்ன இருக்கிறது?

பிள்ளைகளுக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன், அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தாரிகா எங்கள் வீட்டுக்கு வரட்டும், ராணி மாதிரி இருக்கட்டும். ஆனால் சித்திரைப் புதுவருடம் தாண்டியும் நீங்கள் சொல்லாவிட்டால், கலியாணத்தில் பையனின் அப்பா இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். ஏன் என்று எல்லாரும் உங்களைத்தான் கேட்பார்கள். பதிலை இப்போதே யோசித்து வையுங்கள்.

புஷ்பராஜ்


வெள்ளவத்தை
21 ஏப்ரல் 2025

புஷ்பராஜ் அவர்களுக்கு,

சொல்லிவிட்டேன்.

நேற்று மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு. இரண்டு பேரையும் கூப்பிட்டு முன் அறையில் இருத்தினேன். முதலில் மூடியைப் பற்றியும் ஜாக்கெட்டைப் பற்றியும் சொன்னேன். அது சுலபமாக இருந்தது. பிறகு மற்றதைச் சொன்னேன். நீங்கள் என் தோளைப் பிடித்தீர்கள், நான் இடித்துத் தள்ளிவிட்டு, "கையை எடடா, தோட்டக்காட்டான்" என்று சொன்னேன் என்று சொன்னேன். மகளுக்கு முன்னால் சொல்லும்போதுதான் அந்த "டா" எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்று விளங்கியது.

நேசமலர் மின்விசிறியை நிற்பாட்டினாள். ஏன் நிற்பாட்டினாள் என்று தெரியாது. "இவ்வளவு காலமும் உந்தச் சொல்லையோ வாய்க்குள்ள வைச்சுக்கொண்டு அந்தாளைச் சம்பந்தி சம்பந்தி எண்டு கூப்பிட்டனீங்கள்?" என்று கேட்டாள். உண்மையில் நான் உங்களை ஒருநாளும் அப்படிக் கூப்பிடவில்லை. அதை அவளுக்குச் சொல்லவில்லை.

தாரிகா அழவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அப்பா, பிரதீசைப் பாக்கேக்கையும் உங்களுக்கு அந்தச் சொல்லுத்தான் ஞாபகம் வாறதோ?"

இல்லை என்றுதான் சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை. வாய் திறக்க ஒரு கணம் பிந்திவிட்டது, அதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எழும்பிப் போய் உடுப்பை அடுக்கினாள். "கலியாணம் நடக்கும், நீங்கள் தாரை வார்க்கத் தேவையில்லை. மாமா செய்வார்" என்று தாயின் தம்பியைச் சொன்னாள். உங்கள் வீட்டுக்குத்தான் வந்திருப்பாள் என்று நினைக்கிறேன். வந்துவிட்டாளா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். போன் எடுக்கிறாள் இல்லை.

உங்களை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. பொய் எழுத விருப்பமில்லை. நீங்கள் கேட்டபோது ஒரு மனிதன் தலைகுனிவதைப் பார்க்கத்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னது நான். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவளைப் பெற்று வளர்த்த கையால் கொடுக்கக்கூட எனக்கு வழியில்லாமல் போய்விட்டது.

ஹெக்டருக்கு எழுதுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். படகை விற்கச் சொல்லிவிட்டேன்.

க. சண்முகலிங்கம்


கொட்டாஞ்சேனை
25 ஏப்ரல் 2025

அன்புள்ள சம்பந்தி,

வந்துவிட்டாள். ஐந்து நாள் இருந்தாள், நன்றாகச் சாப்பிட்டாள், என் மனைவியோடு கோயிலுக்குப் போனாள். இன்று தெஹிவளையில் அவளுடைய மாமா வீட்டுக்குப் போயிருக்கிறாள். பயப்பட ஒன்றும் இல்லை.

ஹெக்டருக்கு எழுதிவிட்டேன். பூசை என்னுடையது, பால் என்னுடையது, மாலை என்னுடையது. மூடி யாருடைய பையில் இருந்தது என்று எழுதவில்லை. அவருக்குத் தெரியும். காட்டும் அச்சுக்குப் போய்விட்டது. பெண்ணின் அப்பா என்ற இடத்தில் உங்கள் பெயர்தான் இருக்கிறது.

தாரை வார்ப்பது பற்றி அவள் எங்களிடமும் சொன்னாள். மாமாதான் செய்வார், அப்பா வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றாள். நான் முடியாது என்றேன். அவள் அதிர்ந்துவிட்டாள். நான் உங்களுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்தாள். நீங்களும் அப்படி நினைக்க வேண்டாம். என் கோபம் தீரவில்லை. நீங்கள் சொன்னது உண்மைதான், உங்கள் தலை குனிவதைப் பார்க்க ஆசைப்பட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்த ஆசை மட்டும் போய்விட்டது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது.

காரணம் வேறு. மாமா தாரை வார்த்தால் நீங்கள் மூன்றாம் வரிசையில் கதிரை போட்டு உட்கார்ந்து, வடையும் பாயாசமும் சாப்பிட்டுவிட்டு, கைகழுவிக்கொண்டு போய்விடுவீர்கள். அது எனக்குப் போதாது.

உங்கள் ஐயரிடம் நானே போய்க் கேட்டு வந்தேன். தாரை வார்க்கும்போது மாப்பிள்ளையின் மூன்று தலைமுறையைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்றார். ஐயர் எடுத்துக் கொடுப்பார், பெண்ணின் அப்பா திருப்பிச் சொல்ல வேண்டும். எங்கள் பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களுக்கும் தருகிறேன், முன்கூட்டிப் பழகுங்கள். ஹட்டனில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய காத்தமுத்துவின் கொள்ளுப்பேரன். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நின்று, பிறகு கொழும்புக்கு வந்து மூட்டை தூக்கிய சுடலைமுத்துவின் பேரன். புஷ்பராஜின் மகன். இவனுக்கு என் மகளைக் கொடுக்கிறேன் என்று நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். கவ்வாத்தையும் மூட்டையையும் ஐயர் சொல்ல மாட்டார், பெயர் மட்டும்தான். மிச்சத்தை நீங்கள் மனதுக்குள் சேர்த்துக்கொள்ளலாம்.

தாரிகாவிடம் இதைச் சொன்னேன். எழுதிய தாளை வாங்கி மூன்று பெயரையும் வாசித்தாள். பிறகு, "அப்பா அதை ஒழுங்காச் சொன்னா, எனக்கு அதுவே காணும்" என்றாள்.

உங்கள் உறவுக்காரர் எல்லாரும் வரட்டும், வெள்ளவத்தை முழுவதும் வரட்டும். ஹெக்டருக்கும் ஷிஹாராவுக்கும் நானே காட் கொடுத்துவிட்டேன். பின்வரிசை வரைக்கும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று மணவறையில் உங்கள் பக்கம் ஒரு மைக் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் சம்பந்தி,
புஷ்பராஜ்